குழாய்க்காரர் வாங்கிய ஈயம்

என் அக்காவின் கணவர் குழாய் வேலை செய்கிறவர். எங்கள் பகுதியில் அவரைப் பெயர் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'ஒருசொட்டு வீடு எது?' என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். எந்த வீட்டில் வேலை முடித்தாலும் தண்ணீரைத் திறந்துவிடுவார், ஈரத்துணியால் ஜாயிண்ட்டைச் சுற்றித் துடைப்பார், பிறகு வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஒரு சொட்டு ஒழுகினாலும் எனக்குச் சொல்லி அனுப்புங்க" என்பார். முப்பது வருடமாக இதே வசனம். அப்படி யாரும் சொல்லி அனுப்பியதில்லை என்பதில் அவருக்கு அளவில்லாத பெருமை. ஒரே ஒரு தடவை ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்தது. அதுவும் அவர் மறந்து வைத்துவிட்டு வந்த சுத்தியலைக் கொடுக்க.

நான் அடுத்த தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கிறேன். கொழுந்தியாள் என்பதால் அத்தானைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை ஒருநாளும் வீணாக்கியதில்லை. அவரும் என்னை 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவார்.

அவருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. சின்னச் சின்ன எலக்ட்ரானிக்ஸ் சாமான்கள் செய்வது. மேல்தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிவதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும். தொட்டி நிரம்பியதும் கத்துகிற ஒரு பெட்டியை எங்கேயோ பார்த்துவிட்டு, தானே ஒன்று செய்தார். அது கத்தியது. அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. பிரிட்ஜ் கதவு திறந்து கிடந்தால் கூவுகிற பெட்டி, இருட்டினால் தானாக எரிகிற விளக்கு, ஒரு ரேடியோ என்று வரிசையாகச் செய்தார். எல்லாம் சாப்பாட்டு மேசையில்தான். மேசையின் ஒரு பாதியில் அக்கா காய் நறுக்குவாள், மறு பாதியில் அத்தான் ஈயத்தை உருக்கிப் புகை கிளப்பிக்கொண்டிருப்பார்.

ஆனால் அத்தான் கையால் பிறந்த சாமான்களுக்கு ஆயுசு கெட்டி இல்லை. முதல் நாள் அமர்க்களமாக வேலை செய்யும். அரை வருடம் தாண்டுவதற்குள் ஒவ்வொன்றாக வாயை மூடிவிடும். "பார்ட்ஸ் சரியில்லை. இப்ப வர்ற சாமான் எல்லாமே இந்த லட்சணம்தான்" என்று சொல்லிவிட்டு, செத்ததை மாடிப்படிக்கு அடியில் இருந்த வாளியில் போடுவார். வாளி நிறைந்துகொண்டே வந்தது. நாங்கள் சிரித்தோமே தவிர ஏன் இப்படி ஆகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. ஜாயிண்ட் மேல் மட்டும் சந்தேகமே வராது. ஜாயிண்ட் போடுகிறவர் ஒருசொட்டு ஆயிற்றே.

அந்தச் சாமான்களுக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டில் பார்ட்ஸைப் பற்றவைக்க அவர் தனியாக எதுவும் வாங்கியதில்லை. "ஊர்க் குழாயெல்லாம் பத்தவைக்கிற ஈயம் என் பையில கிடக்கு. விரல் நீளப் போர்டுக்கு நான் போய்க் கடையில நிக்கணுமா?" என்பார். குழாய்க்கான தடித்த கம்பியைச் சுத்தியலால் தட்டி, கீற்றுக் கீற்றாக வெட்டி வைத்துக்கொள்வார். அதோடு குழாய் வேலைக்கு எப்போதும் போடுகிற பேஸ்ட் டப்பா. தீக்குச்சி முனையில் கொஞ்சம் எடுத்துத் தடவினால் ஈயம் தண்ணீராக ஓடிப் பிடிக்கும். 'பிடித்தால் உடும்புப் பிடி' என்று அதைப் பார்த்து நானே பாராட்டியிருக்கிறேன்.

அக்காவுக்குக் காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் கதவு மணி போனது. பிறகு பால் பொங்குகிற சத்தம். கடைசியில் அத்தானின் குறட்டை. "அது போனதுல மட்டும் எனக்கு வருத்தமே இல்லை" என்பாள். காதில் மாட்டுகிற மெஷின் வாங்கிக் கொடுத்தோம். எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்து மண்டைக்குள் கொட்டுகிறது என்று கழற்றி வைத்தவள்தான், அது இன்னும் டிராயரில் தூங்குகிறது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். அவளிடம் தைரியமாக ரகசியம் சொல்லலாம். அவள் பதில் சொல்லும்போதுதான் தெரு முழுக்கத் தெரியும்.

தெருவும் அதற்கேற்றபடி மாறிவிட்டது. காய்காரர், தபால்காரர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அக்காவைப் பார்த்தால் முதலில் அவள் எதிரே வந்து முகம் தெரிய நின்றுகொள்வார்கள், பிறகுதான் வாயைத் திறப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததில்லை. வருடக்கணக்கில் பழகிப் பழகி வந்தது.

அக்காவின் ஒரே மகளுக்கு வெகுதூரத்தில் ஒரு பெரிய நகரத்தில் வேலை. ஒருநாள் அக்கா அடுப்பில் எதையோ வைத்துவிட்டுத் தூங்கிப்போக, சமையலறை ஜன்னலில் புகை வந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைக்காத குறையாகத் தட்டியிருக்கிறார்கள். கடைசியில் ஜன்னல் வழியாகக் குச்சியை விட்டு எழுப்பினார்கள். செய்தி கேட்ட மகள் அடுத்த ரயிலில் வந்து இறங்கினாள்.

"அப்பா, நீங்க பகல் பூரா வெளியில. சித்திக்கு அவங்க வேலை. அம்மா தனியா. கதவை உடைச்சாலும் தெரியாது. நான் அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்."

அக்கா மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் வரலை" என்றாள், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி.

அவள் ஏன் வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும். முன்பு ஒருமுறை மகள் வீட்டில் போய்த் தங்கிவிட்டு வந்து சொன்னாள்: "மேல மேல அடுக்கின வீடுடி. லிப்ட்ல ஏறினா எல்லாரும் போனைப் பார்த்துட்டு நிக்கறாங்க. யாரும் முகம் பார்த்துப் பேசறதில்லை. நான் எதைப் படிக்கிறது?" அத்தானும் கூடப் போக முடியாது. அவர் தொழில் இங்கே. போனால் ஒருத்தர் அங்கே, ஒருத்தர் இங்கே. கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் பிரிந்து இருந்ததில்லை.

அத்தான் தொண்டையைச் செருமினார். "யாராவது வந்தா அவளுக்குத் தெரியணும். அதானே பிரச்சினை? அதை நான் பார்த்துக்கறேன்."

வாசல் மணியை அழுத்தினால் சமையலறை, கூடம், படுக்கையறை, குளியலறை என்று நான்கு இடத்திலும் மஞ்சள் விளக்கு மினுக்க வேண்டும், சிறிது நேரம் விடாமல் மினுக்க வேண்டும். இதுதான் அவர் செய்ய நினைத்தது. மகள் ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. "ஒரே ஒரு தடவை எரியாம போனாலும் அம்மா என்கூட வந்துடணும். அப்புறம் பேச்சு கிடையாது."

"ஒரு சொட்டு ஒழுகாது கண்ணு" என்றார் அத்தான்.

விளக்கு எரிந்தது. அழகாகவே எரிந்தது. தெருவே வந்து ஆளுக்கொரு தடவை அழுத்திப் பார்த்தது. அக்கா ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து ஓடி வந்து கதவைத் திறந்து, வந்தவர்களை வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து நாளாகியிருந்தது. அத்தான் அன்று நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும், அணைக்கட்டையே கட்டி முடித்தவர் மாதிரி.

சில மாதங்கள் போயின. அக்கா கூடத்து ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். காய் நறுக்குவது அங்கே, துணி மடிப்பது அங்கே, டீ குடிப்பதும் அங்கே. "தெருவுக்குக் காவல் வேலையா? சம்பளம் உண்டா?" என்று கேட்டேன். "ஆமாண்டி, உன்னையும் சேர்த்துக்கவா?" என்று சிரித்தாள். குளிப்பதைக்கூட அத்தான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே முடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். வயதாகிறது, வேடிக்கை பார்க்கப் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் தைத்த துணிகளைக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் மகள் நின்றிருந்தாள். லீவு கிடைத்ததும் சொல்லாமல் கிளம்பி வந்திருக்கிறாள். தலையிலிருந்து கால்வரை நனைந்து, பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, ஒரு கையில் அம்மாவுக்கு அடிக்கும் போனோடு, மறு கை விரலை மணி அழுத்துகிற பொத்தானில் வைத்தபடி நின்றாள். என்னைப் பார்த்ததும், "சித்தி, எவ்வளவு நேரமா அழுத்தறேன் தெரியுமா?" என்றாள். அம்மாவுக்கு உள்ளே ஏதோ ஆகிவிட்டது என்றே அவள் முடிவு கட்டியிருந்தாள்.

என்னிடமிருந்த சாவியால் திறந்தோம். ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் அக்காவின் போன் துடித்துக்கொண்டிருந்தது. அக்கா சமையலறையில் முதுகு காட்டி நின்று, பொங்கி வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பினாள். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி ஈரத் தலையைப் பார்த்தாள். பிறகு அடுப்புக்கு மேலே இருந்த விளக்கைப் பார்த்தாள். அது எரியவில்லை. அவள் முகத்தில் இருந்தது ஆச்சரியம் இல்லை. மாட்டிக்கொண்ட முகம் அது.

மாலையில் அத்தான் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் விளக்குகளை இயக்குகிற பெட்டியைச் சுவரிலிருந்து இறக்கித் திறந்தார். போர்டு முழுக்கப் பச்சைக் களிம்பு. பழைய பித்தளைப் பாத்திரத்தில் படருமே, அதே களிம்பு ஜாயிண்ட்டைச் சுற்றிப் பொங்கியிருந்தது. விரலால் தொட்டார். ஒரு கம்பி தானாகக் கழன்று கையோடு வந்தது.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்திருக்கும். இன்னிக்கு மழை ஈரத்துல..." என்று ஆரம்பித்தார்.

"இல்லைங்க" என்றாள் அக்கா. "ரொம்ப நாளாவே எரியலை."

அத்தான் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"முதல்ல சமையலறை போச்சு. அப்புறம் நாலு தடவை அழுத்தினா ஒரு தடவை எரிஞ்சுது. நானே வெளியில போய் அழுத்திட்டு ஓடி வந்து ஓடி வந்து பார்ப்பேன். அதான் ஜன்னல்கிட்ட உட்கார்ந்துக்கிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று அத்தான் கேட்டார்.

"எப்படிச் சொல்றது? முப்பது வருஷமா ஒரு சொட்டு ஒழுகலைன்னு சொல்லிட்டிருக்கீங்க. என் வாயால ஒழுகுதுன்னு சொல்லணுமா? சொன்னா இவ என்னைக் கூட்டிட்டுப் போயிடுவா."

அத்தான் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இத்தனை மாதம் இவள் ஒரு பொத்தானுக்குக் காவல் இருந்திருக்கிறாள், நான் பக்கத்திலேயே நின்று கேலி பேசியிருக்கிறேன். மகளுக்கோ கோபம் மட்டும்தான். "தெரிஞ்சும் மறைச்சியா? அப்ப நான் எதை நம்பி ஊருக்குத் திரும்பிப் போறது?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு கிளம்புவதாக முடிவாயிற்று. அத்தான் அதுவரைக்கும் அவகாசம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் விளக்கு எரிந்தால் பார்க்கலாம் என்றாள் மகள். பார்க்கலாம் என்று சொன்னாளே தவிர, அம்மாவின் துணிகளை அன்றைக்கே பெட்டியில் அடுக்கிவிட்டாள்.

மறுநாள் அத்தான் படிக்கு அடியிலிருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பார்ட்ஸ் வாங்குகிற எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரியை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று சபதம். அவர் ஏதாவது ஏடாகூடமாகப் பேசிவிடக்கூடாது என்று நானும் கூடப் போனேன். அந்த அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலே இன்னொரு பூதக்கண்ணாடியும் மாட்டியிருப்பார். கல்லாவின் மேல் வாளியைக் கவிழ்த்தார் அத்தான்.

"பாருங்க, உங்க கடைச் சாமான் லட்சணத்தை! ஒண்ணாவது ஒரு வருஷம் நின்னுச்சா?"

கண்ணாடியம்மா குவியலைக் கிளறினார். ஒரு போர்டை எடுத்தார், திருப்பினார், முகர்ந்தார். இன்னொன்றை எடுத்தார். "என்ன போட்டுப் பத்தவச்சீங்க?"

அத்தான் பெருமையாகப் பையைத் திறந்து பேஸ்ட் டப்பாவை எடுத்து வைத்தார். அந்த அம்மா செத்த எலியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் அதைத் தூக்கிக் கல்லாவின் கடைசி மூலையில் வைத்தார்.

"இதுல அமிலம் இருக்குங்க."

"இருக்கட்டுமே. இதே பேஸ்ட் போட்ட வெந்நீர்க் குழாய் இருபது வருஷமா நிக்குது. போய்ப் பாருங்க."

"குழாயில ஜாயிண்ட் போட்டு முடிச்சதும் என்ன செய்வீங்க?"

"ஈரத்துணியால துடைப்பேன்."

"எதுக்கு?"

"துடைக்கலைன்னா பேஸ்ட் அங்கேயே உக்காந்து செம்பைத் தின்ன ஆரம்பிச்சு..." அத்தான் நிறுத்தினார். வாய் திறந்தபடியே இருந்தது.

"போர்டைத் துடைச்சீங்களா?"

"கரண்ட் சாமானை யாராவது ஈரத்துணியால துடைப்பாங்களா?" என்றார். குரல் இறங்கிவிட்டது. குழாய் வேலையிலிருந்து ஈயத்தைக் கொண்டுவந்தார், பேஸ்ட்டைக் கொண்டுவந்தார். அந்த ஒரு ஈரத்துணியை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்து, நாக்கு நுனிவரை வந்த கிண்டலை விழுங்கிவிட்டேன். எனக்கு அது சாதாரணக் காரியம் இல்லை.

கழுவினால் தப்புமா என்று கேட்டார். இண்டு இடுக்கெல்லாம் போயிருக்கும், புதிதாகச் செய்வதுதான் நல்லது என்றார் கண்ணாடியம்மா. பிறகு ஈயக் கம்பிச் சுருள்களை வரிசையாக எடுத்து வைத்தார். இத்தனை வகை இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். அத்தானின் கை பழக்க தோஷத்தில் இருப்பதிலேயே தடித்த சுருளுக்குப் போனது.

"அது வேண்டாம். உங்க போர்டுல பார்ட்ஸோட காலுக்கும் காலுக்கும் நடுவுல எறும்பு போற இடம்தான் இருக்கு. நூல் மாதிரி இருக்கறதை எடுங்க. இதுக்குள்ளேயே மரப்பிசின் இருக்கு. கம்பி உருகும்போது பிசினும் உருகி, அதுவே இடத்தைச் சுத்தம் பண்ணி ஒட்ட வைக்கும். பேஸ்ட் தனியா வேண்டாம். அந்தப் பிசின் மிச்சம் இருந்தாலும் செம்பைத் தின்னாது."

நூல் விஷயம் எனக்குப் புரிந்தது. சாக்குத் தைக்கிற நூலால் பட்டுத் தைத்தால் துணிதான் கிழியும்.

பிறகு வந்தது பெரிய கேள்வி. ஒரு சுருளில் வெள்ளீயத்தோடு காரீயமும் கலந்திருந்தது. இன்னொன்றில் காரீயமே இல்லை. கலந்தது சீக்கிரம் உருகும், பளபளவென்று உட்காரும், கை பழகாதவர்களுக்கு அதுதான் சுலபம். இல்லாததற்குச் சூடு அதிகம் வேண்டும், பொறுமையும் வேண்டும். "ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியணும்னா கலந்ததை எடுத்துக்குங்க" என்றார் கண்ணாடியம்மா.

அத்தான் அந்தச் சுருளைத் தொடவில்லை. "காரீயம் எங்க தொழில்ல ஆகாது. குடிதண்ணிக் குழாயில அது இருக்கவே கூடாது. பழைய வீடுகள்ல இருந்ததை நானே எத்தனையோ இடத்துல அறுத்து எடுத்திருக்கேன்."

"நீங்க இதுல தண்ணியா காய்ச்சப் போறீங்க? வேலை முடிஞ்சதும் கையை நல்லாக் கழுவினாப் போதும். அது வேற தொழில், இது வேற தொழில்."

அந்த வார்த்தை அவரைக் குத்தியது. குழாய்ப் புத்தியைக் கம்பிக்குக் கொண்டுவந்துதானே இவ்வளவும் ஆயிற்று? மறுபடியும் அதே தவற்றைச் செய்கிறோமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு சுருளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தொழிலில் கற்றதில் எதைக் கூடக் கொண்டுபோவது, எதைச் செருப்போடு வெளியில் விடுவது என்று யார் சொல்லித் தருவார்கள்?

கடைசியில் கண்ணாடியம்மாதான் கேட்டார். "எங்க உக்காந்து செய்வீங்க?"

"சாப்பாட்டு மேசையில. பக்கத்துல வீட்டுக்காரி காய் நறுக்குவா."

"அட, அதை முதல்லயே சொல்லக்கூடாதா? அப்ப உங்களுக்குக் காரீயம் இல்லாததுதான்." கலந்த சுருளை அவரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். "ஆனா ஒண்ணு. இது மங்கலாத்தான் உக்காரும். பளபளப்பை வச்சு நல்லது கெட்டது சொல்ல முடியாது. நல்லாச் சூடாக்கணும். தடிச்ச கம்பி சூட்டை உறிஞ்சும், அங்க இன்னும் கொஞ்ச நேரம் வைக்கணும். ஜன்னலைத் திறந்து வச்சுக்குங்க, புகை மேல குனியாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் செத்த போர்டுகளில் பழகிப் பார்த்தார். முப்பது வருடம் நெருப்போடு விளையாடிய கை, நூல் மாதிரிக் கம்பியைப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறியது. இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டார், மேசைத் துணியையும் சுட்டார். அக்கா எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கியபடி மூக்கை உறிஞ்சினாள். "வாசனை மாறிடுச்சே. முன்ன மூக்கைக் குத்தும். இப்ப மரப்பிசின் எரியற மாதிரி இருக்கு" என்றாள். இத்தனை வருடமாக அந்தக் குத்தலைப் பற்றியும் அவள் ஒன்றும் சொன்னதில்லை.

அத்தான் கையை நிறுத்தினார். மேசையை இரண்டு தட்டுத் தட்டி, அவள் தன் முகத்தைப் பார்க்கிறாள் என்று உறுதி செய்துகொண்டு, மெதுவாகச் சொன்னார். "இனிமே எதுவா இருந்தாலும் சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"முயற்சி பண்றேன்" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலை சோதனை. மகள் கிளம்பத் தயாராக உடுத்தியிருந்தாள். அக்காவின் பெட்டி ஜன்னலோர நாற்காலியின் மேல் இருந்தது. மகள் வெளியே போய் நின்றாள். நான் சமையலறையில், அத்தான் கூடத்தில், அக்கா குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். படுக்கையறை விளக்கு கூடத்திலிருந்தே தெரியும்.

பொத்தான் அழுத்தப்பட்டது. என் தலைக்கு மேலே மஞ்சள் விளக்கு மினுக்கியது. "எரியுது!" என்று கத்தினேன். கூடத்தில் எரிந்தது, படுக்கையறையில் எரிந்தது. நான் ஓடி வந்து அத்தானின் தோளைப் பிடித்து உலுக்கினேன். குளியலறைக் கதவு மட்டும் திறக்கவில்லை. விளக்குகள் மினுக்கி ஓய்ந்தன. கொஞ்ச நேரம் கழித்து அக்கா தானாகவே வெளியே வந்தாள்.

"எரிஞ்சுதா?" என்று அத்தான் கேட்டார்.

உள்ளே நடந்தது அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. எங்கள் முகங்களைப் பார்த்தாலே மற்றது எல்லாம் எரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்திருக்கும். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், சாயங்காலம் அத்தான் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவார். அக்கா நாற்காலியிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு அத்தானைப் பார்த்தாள்.

"எரியலைங்க" என்றாள். "குளியலறையில எரியலை." வழக்கமான குரலில்தான் சொன்னாள். அதாவது வாசலில் நின்ற மகளுக்கும், அடுத்த வீட்டுக்கும், அதற்கு அடுத்த வீட்டுக்கும் கேட்டது.

அடிப்பாவி, ஒரு பொய் சொல்லத் தெரியாதா என்று மனசுக்குள் அவளைத் திட்டினேன். அத்தானுக்குக் கோபம் வரவில்லை. முகம் வாடவும் இல்லை. "சரி, பார்க்கலாம்" என்று விளக்குப் பெட்டியை இறக்கினார். குளியலறைக்குப் போகிற கம்பி தடித்தது. அதன் ஜாயிண்ட்டைச் சுற்றி முடி மாதிரி ஒரு வெடிப்பு. "சூடு போதலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிளக்கைச் சொருகி, பற்றவைக்கிற இரும்பு சூடேறும்வரை அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தார். மகள் உள்ளே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் முனையை வைத்தார், எடுக்கவில்லை, இன்னும் எடுக்கவில்லை. ஈயம் ஒரேயடியாகக் கம்பியைத் தழுவி ஓடியது. ஆறியதும் மங்கலாக உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தார், அசையவில்லை.

அக்கா மறுபடி குளியலறைக்குள் போனாள், மகளே வெளியே போய் அழுத்தினாள். இந்தத் தடவை குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. அக்கா கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மகள் உள்ளே வந்து அம்மாவின் எதிரே நின்றாள். "அம்மா, விளக்கு என்னிக்காவது கெட்டுத்தான் போகும். அது எனக்குத் தெரியாதா? நீ மறைச்சேன்னுதான் எனக்குத் தூக்கமே வரலை. எரியலைன்னா அன்னிக்கே சொல்வியா?"

"இப்பத்தான் சொன்னேனே. ஊருக்கே கேட்டுதே, உனக்குக் கேட்கலையா?" என்றாள் அக்கா.

மகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு நாற்காலியில் இருந்த பெட்டியைத் திறந்து, அம்மாவின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். அத்தான் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் வசனம் கொஞ்சம் நீண்டிருக்கிறது. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "ஒரு சொட்டு ஒழுகினாலும் சொல்லி அனுப்புங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்கிறார். பழைய வீடுகளுக்கும் போகிற வழியில் எட்டிப் பார்த்து இதையே சொல்லிவிட்டு வருகிறார்.

போன வாரம் ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்தது. வெகுகாலமாகவே சமையலறைக் குழாயில் கொஞ்சம் சொட்டுகிறதாம். கீழே ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார்களாம். அவரிடம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டார்களாம். அத்தான் ஈரத்துணியை எடுத்துப் பைக்குள் வைத்தார். பிறகு பையில் சுத்தியல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவர்களோடு கிளம்பிப் போனார்.